கில்ட்டுக்கு மேல் என்ன கோட்டு? முதல்முறை கட்டுபவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்த இரண்டாம் வருஷம், கூட வேலை பார்க்கும் ஒருவரின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ஆண்கள் எல்லோரும் கில்ட் கட்டுகிறோம், நீயும் கட்டு என்றார். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட கம்பளி உடை. கில்ட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தேன். கோட்டுக்குத் தனியாகக் காசு கொடுப்பானேன் என்று, ஊரில் தைத்துக் கொண்டுவந்திருந்த கருப்பு சூட்டின் கோட்டை மேலே மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் முன்பக்கம் சுமாராகத்தான் தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ எடுத்த படம் பிறகு கைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோட்டு இறங்கி வந்து கில்ட்டின் பாதியை மூடியிருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் கட்டம் போட்ட துணி எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடப் பாவாடைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு கோட்டு வாங்கி, ஒன்றை வெட்டித் தைத்து, நண்பர்கள் சிலருடன் கடைக்கும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இங்கே இதை ஜாக்கெட் என்பார்கள். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் வேறு ஆடை என்பதால் கோட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் கில்ட்டை மேலே ஏற்றுங்கள்

ஜீன்ஸ் நிற்கும் இடத்தை இடுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கில்ட் அங்கே நிற்கக் கூடாது. அதன் மேல் விளிம்பு தொப்புளுக்கு மேலே போக வேண்டும். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் மேல்பக்கத்திலோ நடுவிலோ முடிய வேண்டும். முறையாகத் தைத்த கில்ட்டில், பக்கவாட்டில் இறுக்கிக் கட்டும் மேல் வாருக்கு மேலேயே 2 அங்குலம் துணி இருக்கும். நம் தாத்தாக்கள் வேட்டியை எவ்வளவு ஏற்றிக் கட்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இடம் பிடிபடும்.

கோட்டின் கதை முழுவதும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. சூட் கோட்டு பேண்ட்டுக்காக வெட்டியது. பிட்டத்தை மூடிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டால் விரல்கள் மடங்கும் இடம் வரை வரும். கில்ட் கோட்டு அதைவிட 3, 4 அங்குலம் குட்டை. மணிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றுவிடும். கில்ட்டின் பின்னால்தான் கொசுவம் இருக்கிறது. நம் பின்கொசுவச் சேலை போல என்று சொல்லலாம், ஆனால் இது மேல்பாதி தைத்தது, கீழ்ப்பாதி விட்டது. கோட்டு அந்தத் தைத்த பகுதியில் எங்கேயாவது முடிந்தால் கொசுவம் விரிந்து விழுவதற்கு இடம் கிடைக்கும். முன்பக்கமும் வெட்டு வேறு. கடைசிப் பொத்தானுக்குக் கீழே இரண்டு பக்கமும் வளைந்து பின்வாங்கிப் போகும். முன்னால் சங்கிலியில் தொங்கும் தோல் பை இருக்கிறதே, ஸ்போரன், அதற்காக விட்ட இடம் அது.

கில்ட்டை ஜீன்ஸ் உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டு, கோட்டு சின்னது என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவில் சட்டை வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது என்றால், கோட்டை மாற்றும் முன் கில்ட்டை ஏற்றிப் பாருங்கள்.

எந்த வகை?

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். புதிதாக வருபவருக்கு இரண்டு குடும்பங்கள் தெரிந்தால் போதும்.

ஒன்று, பகலுக்கும் மாலைக்கும் பொதுவான கோட்டு. ஆர்கைல் என்ற வகைதான் அதிகம் கண்ணில் படும். கை நுனியில் கையுறை மாதிரி அகலமாக, மேல்நோக்கிக் கூர்ந்த ஒரு பட்டை இருந்தால் அது ஆர்கைல். பிரேமார், கிரெய்ல் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். உடல் வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான், கை நுனியில்தான் வித்தியாசம். ஆர்கைல் மேற்குக் கடலோரப் பகுதியின் பெயர். பிரேமார், ஒவ்வொரு செப்டம்பரிலும் அரச குடும்பம் வந்து உட்கார்ந்து பார்க்கும் ஹைலேண்ட், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டு, விளையாட்டு நடக்கிற ஊர். கிரெய்ல், கிழக்கே ஃபைஃப் கரையில் ஒரு மீன்பிடி கிராமம்.

இன்னொன்று பிரின்ஸ் சார்லி. வாடகைக் கடையில் எதுவும் கேட்காமலே எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இதைத்தான். குட்டையான கருப்புக் கோட்டு, சாட்டின் காலர், வெள்ளிப் பொத்தான், பின்னால் சின்ன வால். பொத்தான் இருந்தாலும் போடுவதற்கு இல்லை. திறந்தபடியே, உள்ளே மூன்று பொத்தான் வைத்த கையில்லாத வெயிஸ்ட்கோட்டும் வில் டையுமாக அணிவது. 1745இல் கிளர்ச்சி செய்து, அடுத்த ஆண்டு கல்லோடன் போரில் தோற்றுப்போன இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் பெயர்தான் கோட்டுக்கு. அவர் இந்தக் கோட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். கல்லோடனுக்குப் பிறகு ஹைலேண்ட் உடைக்கே தடை வந்து, அது 1782இல்தான் விலகியது. சாட்டின் காலரெல்லாம் அதற்கும் ரொம்பப் பிந்தி, டின்னர் சூட் காலத்துச் சமாசாரம்.

முறைப்படி பிரின்ஸ் சார்லி மாலை விருந்துக்கு உரியது. இங்கே மதியம் ஒரு மணிக் கல்யாணத்துக்கும் அதைத்தான் போடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. வயதான ஒருவர் இருவர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் சொந்தமாக ஒரே ஒரு கோட்டு வாங்குவதாக இருந்தால் பிரின்ஸ் சார்லியை வாங்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும். அடர்சாம்பல் ட்வீடில், அதாவது சொரசொரப்பான கம்பளித் துணியில், ஓர் ஆர்கைலோ பிரேமாரோ, கொம்புப் பொத்தானுடன் வாங்கினால் கல்யாணம், பட்டமளிப்பு, ஜனவரி 25ஆம் தேதி கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் விருந்து எல்லாவற்றுக்கும் ஓடும். அழைப்பிதழில் பிளாக் டை (முறையான மாலை விருந்து உடை) என்று கண்டிப்பாகப் போட்டிருக்கும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கருப்பு பாரதியா துணியில் வெள்ளிப் பொத்தான் வைத்த ஆர்கைல்தான் இரண்டுக்கும் பொது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் தப்பில்லை. எனக்கென்னவோ பகல் வெளிச்சத்தில் அந்தப் பொத்தான்கள் கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கின்றன. பாரதியா என்பது கம்பளி நெசவில் ஒரு வகை, நம் பாரதியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கழுத்து வரை மூடும் டப்லெட் வகைகளை முதல் தடவை விட்டுவிடுங்கள். அவை ராணுவ உடையை நினைவூட்டுபவை. உடம்போடு ஒட்டித் தைக்காவிட்டால் பேண்டு வாத்தியக்காரர் போல ஆகிவிடும்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. கில்ட் ஏற்கெனவே கட்டம். மேலே இன்னொரு கட்டம் வேண்டாம். ஒற்றை நிறம், இல்லையென்றால் தூரத்தில் ஒற்றை நிறமாகத் தெரியும் ஹெர்ரிங்போன் (மீன்முள் போன்ற நெசவு). டார்ட்டனில், அதாவது கில்ட்டின் கட்டத் துணியில், இருக்கும் நிறங்களில் மங்கலான ஒன்றைப் பிடித்தால் பொருந்தும். ஹாரிஸ் ட்வீட் என்று சொல்லி விற்றால் உள்ளே உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரைத் துணி தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அவுட்டர் ஹெப்ரைடீஸ் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ததுதான் அந்தப் பெயரில் வரலாம் என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அளவெடுப்பது

நீங்களே உங்களுக்கு அளவெடுக்காதீர்கள். கையைத் தூக்கினால் மார்பு அளவு மாறும். வீட்டில் ஒருவரை டேப்போடு கூப்பிடுங்கள். அன்றைக்குப் போடப்போகும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், கனமான ஸ்வெட்டர் வேண்டாம்.

மார்பு: அக்குளுக்குக் கீழே, முதுகில் தோள்பட்டை எலும்பு வழியாக, முன்னால் அகலமான இடத்தில். டேப்புக்கு அடியில் ஒரு விரல் போகலாம். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். வந்த எண்ணை அப்படியே சொல்லுங்கள். கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வது நம் பழக்கம். கோட்டு வெட்டும்போதே அந்தத் தாராளத்தைச் சேர்த்துத்தான் வெட்டியிருப்பார்கள், நீங்களும் கூட்டினால் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

வயிறு: தொப்புளைச் சுற்றி, நின்றபடி. பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பேண்ட்டில் 34 போடுகிறவருக்குத் தொப்புளில் 37, 38 வருவது சாதாரணம். கில்ட்டுக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் இந்த எண்தான் வேண்டும்.

கை: தோள்பட்டைத் தையலிலிருந்து, முழங்கையை லேசாக மடக்கி, மணிக்கட்டு எலும்பு வரை.

அப்புறம் பலரும் எடுக்காமல் விடுகிற ஓர் அளவு இருக்கிறது. கில்ட்டைச் சரியான உயரத்தில் கட்டிக்கொண்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து கில்ட்டின் மேல் விளிம்பு வரை. கடைகளில் 38 ஷார்ட், 38 ரெகுலர், 38 லாங் என்றுதான் கேட்பார்கள். 38 என்பது மார்பு அளவு. ஷார்ட், லாங் என்பது உங்கள் உயரத்தை வைத்துச் சொல்வது. சுமாராக 5 அடி 7 அங்குலத்துக்குக் கீழே என்றால் ஷார்ட், 6 அடியைத் தாண்டினால் லாங். ஆனால் கோட்டு நிற்பது காலில் அல்லவே. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். நான் 5 அடி 6. எல்லாக் கடையிலும் ஷார்ட் எடுத்துக் கொடுப்பார்கள். என் முதுகு நீளம் என்பதால் ஷார்ட்டில் கில்ட்டின் வார் வெளியே தெரியும், ரெகுலர்தான் சரியாக உட்காரும். முதுகு அளவைக் கையில் வைத்துக்கொண்டு போனால் இந்த வாக்குவாதம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கண்ணாடி முன்னால்

கில்ட், ஸ்போரன், சட்டை மூன்றையும் போட்டுக்கொண்டுதான் கோட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். பேண்ட்டோடு போட்டுப் பார்த்து வாங்கிய கில்ட் கோட்டு, புடவை இல்லாமல் பார்த்து எடுத்த பிளவுஸ் துணி மாதிரி. சில கடைகளில் போட்டுப் பார்க்க மட்டும் ஒரு கில்ட் வைத்திருப்பார்கள், கேளுங்கள்.

முதலில் தோள். தோள் சரியில்லை என்றால் மற்ற எதையும் பார்க்காமல் கழற்றிவிடலாம். இடுப்பைப் பிடிக்கலாம், பொத்தானை நகர்த்தலாம், தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். கில்ட் கோட்டு பலவற்றில் தோள் மேல் பின்னிய பட்டை வேறு இருக்கும், அதையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். சோதிக்க எளிய வழி: சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். கைச்சதை முதலில் சுவரைத் தொட வேண்டும். கோட்டின் தோள் முதலில் இடித்தால் பெரிது. பிரின்ஸ் சார்லியில் இந்தத் தப்பு அதிகம் நடக்கும், காரணம் அதில் பொத்தான் போடுவதில்லை. மார்பில் இறுக்கம் தெரியாது, தளர்வும் தெரியாது, தோள் தொங்குவதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து கழுத்து. கோட்டின் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தாலும், காலருக்குக் கீழே முதுகில் குறுக்கே ஒரு துணி மடிப்பு விழுந்தாலும் அந்தக் கோட்டு உங்கள் முதுகுக்கு வெட்டியதில்லை.

ஆர்கைல் என்றால் பொத்தானைப் போடுங்கள். பொத்தானிலிருந்து நான்கு பக்கமும் சுருக்கம் இழுத்தால் இறுக்கம். உள்ளங்கையைத் தட்டையாக உள்ளே விட்டால் போக வேண்டும். முஷ்டியே தாராளமாகப் போனால் லூஸ். வெயிஸ்ட்கோட் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது: சூட்டோடு வந்த வெயிஸ்ட்கோட் கில்ட்டுக்கு ஆகாது, நீளம். அதன் முனை ஸ்போரன் மேல் போய் உட்காரும். கில்ட் வெயிஸ்ட்கோட் குட்டை. கில்ட்டின் மேல் விளிம்பையும் பக்கத்து வார்களையும் மூடினால் அதன் வேலை முடிந்தது. அதற்குக் கீழே ஒரு கை அகலம் விட்டு ஸ்போரன் தொங்க வேண்டும். வெயிஸ்ட்கோட் போட்டால் பெரிய பக்கிள் வைத்த பெல்ட் வேண்டாம், வயிற்றில் ஒரு கட்டி புடைத்த மாதிரி இருக்கும். முறையும் அதுதான்.

கை நீளம்: கையைத் தொங்கவிட்டால் சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரியட்டும். நீளமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஆர்கைலில் கை நுனிப் பட்டையும் பொத்தானும் இருப்பதால் நுனியில் கத்தரி வைக்க முடியாது. தோளில் பிரித்துக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பட்டையைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். இரண்டும் செலவு. நம்மில் கை குட்டையானவர்களுக்கு சாதாரணக் கை நுனி உள்ள கிரெய்ல் வகை வசதி.

கடைசியாக, ஆடிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக் கல்யாணத்தில் ராத்திரி கேய்லி நடனம் உண்டு. ஸ்ட்ரிப் த வில்லோ என்று ஓர் ஆட்டத்தில் வரிசை முழுக்க ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துச் சுழற்றுவார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் தையல் முனகினால் ஒரு சைஸ் மேலே போங்கள். பிறகு நாற்காலியில் உட்காருங்கள், கொசுவத்தைக் கையால் கீழே தடவி விட்டுக்கொண்டு. கோட்டின் பின்பக்கம் நாற்காலியில் இடித்துக் காலர் மேலே ஏறினால் கோட்டு நீளம்.

வாடகையா, பழசா, வெட்டித் தைப்பதா?

ஒரே ஒரு கல்யாணம் என்றால் வாடகை. கோடையில் கல்யாணங்களும் பட்டமளிப்பும் சேர்ந்து வரும், சின்ன சைஸ்கள் சீக்கிரம் தீரும். 36, 38 ஷார்ட் போடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே அளவு கொடுத்துவிடுங்கள். வாடகை உடைகள் வைத்த பையை வாங்கும் நாளில் அங்கேயே ஒரு தடவை முழுக்கப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் வேறொருவரின் கோட்டாக இருக்கலாம், எனக்கு நடந்திருக்கிறது.

வாடகைக் கடைகள் பழைய கோட்டுகளைக் கழித்து விற்பதுண்டு. நல்ல கம்பளித் துணி மலிவாகக் கிடைக்கும். அக்குள் பக்க லைனிங் கிழிந்திருக்கிறதா, சாட்டின் காலர் நைந்திருக்கிறதா, பொத்தான்கள் எண்ணிக்கையில் சரியா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. எடின்பரோ, கிளாஸ்கோவில் நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் பழைய ட்வீட் கோட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். தோளும் கழுத்தும் உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்து, கீழே வெட்டி, முன்பக்கத்தை வளைத்துத் தைத்தால் அது கில்ட் கோட்டு. ஆனால் எல்லாக் கோட்டையும் வெட்ட முடியாது. பைகளைப் பாருங்கள். பை மூடி இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டுக்கோடு விழ வேண்டும். தாழ்வான பை என்றால் கோடு பையின் மேலேயே போய்விடும். வெளியே ஒட்டித் தைத்த பை வைத்த கோட்டை விட்டுவிடுங்கள். உள்ளே போகும் பை என்றால் அதன் அடியைத் தையல்காரர் குட்டையாக்கிக்கொள்வார். பொத்தான் மேலே இருக்க வேண்டும், கடைசியாகப் போடும் பொத்தான் கில்ட்டின் மேல் விளிம்புப் பக்கம் வந்தால் உத்தமம். அதற்குக் கீழேதான் வளைவு தொடங்கும். பின்னால் உள்ள திறப்பு வெட்டிய பிறகு சின்னக் கிழிசல் போல மிஞ்சும், அதை மூடித் தைக்கச் சொல்லுங்கள்.

தையல்காரரிடம் கில்ட் கட்டிக்கொண்டே போங்கள். கூச்சமாக இருந்தால் கையில் எடுத்துப் போய் அங்கே கட்டுங்கள். முதல் தடவை நான் பேண்ட்டோடு போய், இவ்வளவு குறையுங்கள் என்று கையால் காட்டினேன். அவரும் நல்ல மனிதர்தான், இதுவரை கில்ட் கோட்டு தொட்டதில்லை என்று சொல்லியும் பார்த்தார். வந்த கோட்டு 2 அங்குலம் நீளமாக இருந்தது. மறுபடி வெட்டினோம், மறுபடி காசு. நீளம் குறையாமல் வந்தது என் அதிர்ஷ்டம். 2 அங்குலம் கூடுதலாக வெட்டியிருந்தால் ஒட்ட வழியில்லை. இரண்டாம் தடவை கில்ட் கட்டி நிற்கும்போதே சாக்பீஸால் கோடு போட்டு, குண்டூசி குத்தி, பின்பக்கத்தை என் போனிலேயே படம் எடுத்துக் காட்டச் சொன்னேன். கோட்டைக் கொசுவம் தைத்த பகுதியின் நடுவுக்கு ஒரு விரல் மேலே ஏற்றிவிட்டு, சரி, இப்போது வெட்டுங்கள் என்றேன்.